நீலக் கோடு தாண்டி

“ஏங்க... அதை ஏன் பிய்க்கிறீங்க?”

தரையில் குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். ஓர் அம்மாவின் கையைப் பிடித்தபடி எதிரே நின்றான் அவன். மழையில் நனைந்த முடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. கோபமாகத்தான் பார்த்தான்... ஆனால் அந்தக் கண்களுக்குக் கோபப்படவே தெரியவில்லை.

அவள் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவள். பெயின்ட் படாமலிருக்க ஓரத்தில் ஒட்டிய டேப்பை வேலை முடிந்ததும் உரிப்பது கைப்பழக்கம். ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி கூடத்தில் அப்பாவுக்காகக் காத்திருந்தபோது, தரை நெடுக நீல டேப்பைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. பாதியை உரித்து உருண்டையாக்கிவிட்டாள்.

“பெயின்ட் அடிச்சவங்க மறந்துட்டாங்கன்னு நினைச்சு...”

“நான்தான் ஒட்டினேன். டைல்ஸ் போடுறவன், அளவு பார்த்து ஒட்டியிருக்கேன். அம்மாவுக்கு நடக்கும்போது கால் தரையோட ஒட்டிக்கும். கோட்டைப் பார்த்தா, தாண்டணும்னு தானா தூக்கி வைப்பாங்க.”

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இருவரும் மண்டியிட்டுப் புது டேப்பை ஒட்டினார்கள்.

“கோணலா ஒட்டுறீங்க.”

“உங்க பார்வைதான் கோணல்,” என்றாள். சிரிப்பை அடக்கத்தான் முடியவில்லை...

அவள் அப்பாவுக்கும் அதே நோய்தான். மூளையில் நீர் தேங்கி நடை தடுமாறி, சிறுநீர் அடங்காமல், ஞாபகமும் மங்கிவிட்டது. அந்த நீரை வயிற்றுக்கு இறக்கிவிட ஷன்ட் என்ற மெல்லிய குழாயைப் போன வாரம்தான் வைத்திருந்தார்கள்.

“இனிமே அப்பா பழையபடி ஆயிடுவாரு. செஸ்ல என்னைத் தோற்கடிப்பாரு, பாருங்க.”

அவன் கொஞ்சம் தயங்கினான். “முதல்ல நடைதாங்க தேறும். ஞாபகம் மெதுவாத்தான்... முழுசா வராமலும் போகலாம். அம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு, ஞாபகம் இன்னும் வரல.”

“நீங்க என்ன டாக்டரா?”

உரித்த டேப் உருண்டையை அவன் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

அதன்பின் கூடத்தின் அந்தக் கோடியில் அவள், இந்தக் கோடியில் அவன். பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். பார்க்காமலே அவன் சட்டையின் நிறம் மட்டும் எப்படியோ தெரிந்தது... நிறம் அவள் தொழிலாயிற்றே.

ஒரு நாள் அப்பா நீலக் கோடுகளைத் தானே தாண்டினார். யாரும் கை கொடுக்கவில்லை. மகிழ்ச்சி தாங்காமல் வீட்டுக்கு வந்ததும் செஸ் பலகையை விரித்தாள். அப்பா குதிரையை நேராக நகர்த்தினார். பிறகு அவளைப் பார்த்து, “இது எப்படிம்மா போகும்?” என்றார்.

அவளுக்குச் செஸ் கற்றுக்கொடுத்ததே அவர்தான். சமையலறைக்குப் போய் அழுதாள்.

டாக்டரும் அதையேதான் சொன்னார். மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும், குழாயின் வால்வில் நீர் வடியும் அளவைச் சற்று மாற்றியும் பார்க்கலாம், ஆனால் எல்லாம் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது.

அடுத்த பயிற்சி நாளில் ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டியது. அப்பா கோடுகளைத் தாண்டிக்கொண்டிருந்தார். அவள் அவன் இருந்த கோடிக்கு வந்து, அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீங்க சொன்னது நிஜம்ங்கிறதாலதான் கோபம் வந்துச்சு.”

“நானும் நேரம் பார்த்துச் சொல்லியிருக்கணும். எனக்கு அன்னிக்கு யாரும் சொல்லல... ஞாபகம் வரும், வரும்னு காத்திருந்து, அம்மா எழுந்து நடந்த அன்னிக்குக்கூட நான் சந்தோஷப்படல. உங்களுக்கு அப்படி ஆகிடக் கூடாதுன்னுதான்...”

நடந்துவந்த அப்பாவைப் பார்த்துக் கையசைத்தாள். அவரும் அசைத்தார்.

“இந்தப் பொண்ணு யாருடா?” என்றார் அம்மா.

“டேப்பைப் பிய்ச்சவங்கம்மா.”

அம்மா தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, “இந்தப் பொண்ணு யாருடா?”

“சிநேகிதிம்மா.”

சிநேகிதியா? எப்போதிலிருந்தாம்? அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் காதுமடல் சிவந்திருந்தது...

அம்மா மழையை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினார். “யாருடா இந்தப் பொண்ணு?”

அவன் தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னான்.

“நான் கட்டிக்க ஆசைப்படுற பொண்ணும்மா. அவங்ககிட்ட இன்னும் சொல்லல...”

அவள் தலை நிமிரவே இல்லை. அவனும் நிமிரவில்லை. பாவம், இனி இந்தக் கூடத்துக்கு எந்த முகத்தோடு வருவது என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

“இந்தப் பொண்ணு...” என்று மறுபடி ஆரம்பித்தார் அம்மா.

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் அந்தச் சுருங்கிய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“உங்க மருமகம்மா. எத்தனை தடவை வேணும்னாலும் கேளுங்க... நான் சொல்றேன்.”