பசித் தட்டில் ஒரு புள்ளி

சித்தியின் ஆய்வுக்கூடத்தில் சுண்டுவுக்கு ஒரே ஒரு சட்டம்தான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வாயைக் கட்டச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. அதனால் பள்ளி விட்டு வந்ததும் முக்காலியில் ஏறி உட்கார்ந்து கேள்விகளால் சித்தியைத் துளைத்து எடுப்பாள்.

அன்று சித்தி வெதுவெதுப்பான பெட்டியிலிருந்து ஒரு வட்டத் தட்டை வெளியே எடுத்தார். எடுத்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தட்டு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பாக்டீரியாக் கூட்டம்.

"ஐ! எவ்வளவு வளந்திருக்கு சித்தி!"

"அதான்டி வினையே. இந்த பாக்டீரியாவுக்கு ஹிஸ்டிடின்னு ஒரு அமினோ அமிலத்தைச் சொந்தமா செய்யத் தெரியாது. சுத்த சோம்பேறி. நாம ஊட்டினாதான் பிழைக்கும். பட்டாணிச் செடிக்கு அது தெரியும்."

"செடியோட எந்த ஜீன் அதைச் செய்யுதுன்னுதானே தேடுறீங்க?"

"ஆமா. செடியோட ஜீன்களைப் பிரிச்சு, ஒரு பாக்டீரியாவுக்கு ஒரு ஜீன்னு உள்ளே அனுப்பினேன். ஹிஸ்டிடின் இல்லாத பசித் தட்டுல விட்டா, சரியான ஜீன் கிடைச்சது மட்டும்தான் வளரும். அதைப் பிடிச்சா ஜீனையும் பிடிச்சிடலாம்."

"அப்ப ஏன் எல்லாமே வளந்துச்சு?"

"தட்டுல ஊத்துற உணவு ரெண்டு பாட்டில்ல இருக்கு, ரெண்டும் பாக்க ஒரே மாதிரி. அவசரத்துல ஹிஸ்டிடின் போட்டதை ஊத்தித் தொலைச்சிருக்கேன். விருந்து வச்சா யார்தான் சாப்பிட மாட்டாங்க? ஜீன் கலவையும் தீந்துபோச்சு. ஒரு வருஷ உழைப்பு, எல்லாம் போச்சு."

சித்தி தட்டோடு எழுந்தார். குப்பைப் பையைத் திறந்தார். சுண்டுவுக்குப் பாவமாக இருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது. ஆனால் சட்டம் சட்டம்தானே.

"சித்தி, போடாதீங்க! போன வாரம் எங்க வகுப்புல எல்லாருமே வீட்டுக்கணக்கைச் சரியாப் போட்டிருந்தோம்."

"நீயுமா?"

"அதான் டீச்சருக்கும் சந்தேகம். யார் சொந்தமாப் போட்டது, யார் பாத்து எழுதினதுன்னு தெரியலை. அதுக்காக நோட்டையெல்லாம் தூக்கியா போட்டாங்க? எங்களைத் தள்ளித் தள்ளி உக்கார வச்சு, புதுசா ஒரு கணக்கு கொடுத்தாங்க."

"அப்புறம்?"

"நான் மாட்டிக்கிட்டேன். அதை விடுங்க. இந்தக் கூட்டத்துலயும் சொந்தமா செய்யத் தெரிஞ்சது ஒண்ணு இருக்கும்ல? எல்லாத்தையும் பசித் தட்டுல உக்கார வைங்க!"

சித்தி அவளையே பார்த்தார். "பதற்றத்துல எனக்கு இது தோணவே இல்லை பாரேன்!"

கிருமி நீக்கிய வெல்வெட் துணியைப் பழைய தட்டின்மேல் மெல்ல ஒற்றினார். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கொஞ்சம் பாக்டீரியா துணியில் ஒட்டிக்கொண்டது. அதே துணியைப் புதிய பசித் தட்டிலும் ஒற்றினார். இந்த முறை பாட்டிலின் பெயரைச் சுண்டுவும் சத்தமாகப் படித்துச் சரிபார்த்திருந்தாள்.

சனிக்கிழமை தட்டைத் திறக்காமல் பார்த்தார்கள். வெறுமையாக இருந்தது. சுண்டுவின் முகம் வாடிப்போனது. சித்தி தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

ஓரத்தில், கடுகளவில், ஒரே ஒரு புள்ளி!

"இன்னும் சோதிச்சுப் பாக்கணும்," என்றார் சித்தி. ஆனால் அவர் முகமெல்லாம் சிரிப்பு. "கையை நீட்டு. பத்திரமாப் பிடி."

அந்த அறையில் சுண்டு முதல்முறையாகக் கட்டிய கையை அவிழ்த்தாள்.