கரடிக்குட்டியின் அழுகை

முதலில் அது சின்ன விஷயமாகத்தான் இருந்தது. தேநீரை விழுங்கிக்கொண்டிருந்த குரல்காரனின் மூடிய வாய்க்குள்ளிருந்து ஒரு கரடிக்குட்டி அழுதது.

"வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள் மனைவி.

"நான் கத்தலைடி."

"பின்னே, டம்ளரா கத்துச்சு?"

நான்கு வயது மகள் கைகொட்டிச் சிரித்தாள். "இன்னொரு தடவை, அப்பா!"

குரல்காரன் என்பது வேட்டைக்கூட்டம் அவனுக்கு வைத்த பெயர். துப்பாக்கியைத் தொட்டவனே இல்லை. புதரில் குந்தி, தாயைத் தொலைத்த குட்டியாக அழுவான், அவ்வளவுதான். அந்த அழுகைக்குப் பாறாங்கல்லுக்கே பால் சுரக்கும்! தாய்க்கரடி விழுந்தடித்து ஓடிவரும், மற்றவர்கள் சுடுவார்கள். தோல் ஒருவனுக்கு, பித்தப்பை இன்னொருவனுக்கு. அந்தக் காட்டில் இனிச் சுடுவதற்குக் கரடியே இல்லை என்று போன வாரம்தான் வியாபாரி சலித்துக்கொண்டான்.

"தொண்டைக்கு மருந்து வாங்கிட்டு வரேன். பாப்பா தூங்குது, எழுப்பித் தொலைக்காதீங்க" என்று மாலையில் மனைவி கிளம்பினாள்.

பொழுது சாய்ந்தது. மின்சாரமும் போனது. அவன் விட்ட மூச்சிலெல்லாம் குட்டி அழுதது. குடல் வெந்துபோகும் சூட்டில் வெந்நீரைக் குடித்தான், அழுதது. தேனை விழுங்கினான், சப்புக்கொட்டிக்கொண்டு அழுதது. பின்சந்தில் குப்பைத்தொட்டி உருண்டது. ஈரமண் வாசனையும், அதை அமுக்கிக்கொண்டு உப்புத் தடவிய பச்சைத்தோலின் வீச்சமும் ஜன்னல் இடுக்கு வழியே கசிந்துவர, மதில் நெடுக எதுவோ மூக்கை உரசி உரசி மோப்பம் பிடித்து நகரும் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, பல மூக்குகள்.

இந்தக் குரலுக்கு யார் வருவார்கள் என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் வருவதற்குத்தான் எதுவும் மிச்சமில்லையே!

உள்ளறையில் பாப்பா இருக்கிறாள். அவை வாசலைக் கண்டுபிடிப்பதற்குள் இதை நிறுத்த வேண்டும்.

துண்டைச் சுருட்டி வாயில் திணித்தான். மூக்கு அழுதது. மூக்கைப் பிடித்தான். நெஞ்சு பானைபோல் உப்பியது. கண்ணில் பூச்சி பறந்தது. விடவில்லை.

அழுகை நின்றது.

வெளியே மோப்பமும் நின்றது. தடுமாறியது. ஒரு கனத்த மூச்சு, திரும்பிப் போவதைப் போல, மதிலைவிட்டு விலகியது.

அப்போது உள்ளறையிலிருந்து குட்டி அழுதது.

துல்லியமாக. அப்பனைத் தூக்கிச் சாப்பிடும் அழுகை. அழுது முடித்துக் களுக்கென்று சிரித்தாள் பாப்பா.

ஓடினான். கட்டில் காலி. பின்கதவு தரையில் கிடந்தது.

சந்தில் அது நடந்துகொண்டிருந்தது. தோலில்லை. தலை முதல் வால் வரை ஈரச் சிவப்பு. குட்டிகள் தாய்க்கரடியின் முதுகில் ஏறிக்கொள்வது போலவே அதன் மேல் பாப்பா குப்புறக் கிடந்தாள். பிடித்துக்கொள்ள மயிர் இல்லை. கைகளைச் சதைக்குள் மணிக்கட்டு வரை புதைத்திருந்தாள். கன்னத்தை அதில் சாய்த்து, தூக்கக் கலக்கத்தில் சிரித்தாள்.

துண்டைப் பிடுங்கி எறிந்து, "பாப்பா!" என்று அலறினான்.

குட்டியின் அழுகைதான் வந்தது.

சந்து நெடுக, முதுகு காலியாக நின்றவை எல்லாம் அவன் பக்கம் திரும்பின.