சோத்தாங்கைப் பக்கம்

பதினொரு கேலன்!

வலது இறக்கைக்குள் அத்தனை பெட்ரோல் தளும்பிக்கொண்டிருந்தது. இடது இறக்கையில் ஒரு சொட்டு இல்லை.

நடுவில் உட்கார்ந்திருந்தவர் செத்துப்போயிருந்தார்.

திருமூர்த்தி. வயது ஐம்பத்திரண்டு. டெக்சாஸ், ஃபிரிஸ்கோவில் சாஃப்ட்வேர் மேனேஜர். ஆறு வருஷம் வீட்டு கராஜில் தன் கையாலேயே அவர் கட்டிய இரண்டு சீட் விமானம், ஞாயிறு காலை ஒரு சோளக்காட்டில் மூக்கைக் குத்தி விழுந்தது. தீப்பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டிய பெட்ரோல் அப்படியே இருந்தது...

தொடையில் கட்டியிருந்த சின்ன நோட்டில் கடைசியாக ஒரே ஒரு வரி.

'வலது மறுபடி இறங்கல.'

செவ்வாய் மதியம். விமானம் நிறுத்தும் ஹேங்கர், தகரக் கொட்டகை போல. வெயிலில் கூரை டக் டக்கென்று சத்தம் போட்டது.

சிமெண்டுத் தரையில் விமானத்தின் உருவத்தை சாக்பீஸால் வரைந்திருந்தாள் ரசியா பேகம். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய விபத்து விசாரணை இன்ஜினீயர். உடைந்த இறக்கைகள் இரண்டும் அந்தப் படத்தில், அதனதன் இடத்தில் கிடந்தன.

மடக்கு நாற்காலியில் திருமூர்த்தியின் மனைவி ஷ்யாமளா. மூன்று நாளாகச் சாப்பிடாத முகம்.

பக்கத்தில் முகிலன். திருமூர்த்தியின் டீமில் வேலை. விமானம் கட்டக் கூடவே நின்றவன்.

கதவோரம் ஒரு டெபுடி ஷெரிஃப், உள்ளூர் போலீஸ். பேப்பர் கப்பில் காபி.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்..." ஷ்யாமளாவின் குரல் தேய்ந்து வந்தது. "நான் வெச்ச பொட்டா அவரைக் கொன்னுது?"

ஊரே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஹேங்கரில் விமானத்துக்குப் பூஜை. டயரடியில் எலுமிச்சம்பழம். பெட்ரோல் டேங்க் மூடியில் சந்தனப் பொட்டு. மூடி நடுவில்தான் காற்று போகும் ஓட்டை! பொட்டு ஓட்டையை அடைத்தது, டேங்க் மூச்சு முட்டியது, இன்ஜின் நின்றது. வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ கும்பிடும் கை எமோஜியோடு இதையே போட்டிருந்தார்கள். ஷ்யாமளா அதைப் படித்துவிட்டாள்.

ரசியா மேஜைப் பக்கம் திரும்பினாள். மேஜையில் இருந்த ஜூஸில் ஸ்ட்ராவை முக்கி, மேல் ஓட்டையை விரலால் மூடித் தூக்கினாள். ஜூஸ் ஸ்ட்ராவுக்குள்ளேயே நின்றது.

"டேங்கும் இப்படித்தான்க்கா. மேல காத்து போகலன்னா கீழ பெட்ரோல் இறங்காது. இடது டேங்க் தீர்ற வரைக்கும் இன்ஜின் ஓடிச்சு. அப்புறம் நின்னுடுச்சு."

முகிலன் தலையாட்டினான். இந்தத் தொல்லை ஆரம்பத்திலிருந்தே இருந்தது என்றான். ஒரு டேங்க் வேகமாகக் காலியாகும், இன்னொன்று அசையாது. குழாயைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. கடைசியில் மூடிகளை இடம் மாற்றிப் போட்டார்கள். தொல்லையும் மூடியோடு பக்கம் மாறியது! அப்போதுதான் குற்றவாளி மூடி என்று தெரிந்தது. ஓட்டையைப் பெரிதாக்கினார்கள். இரண்டு வாரமாக இரண்டு டேங்கும் சமமாக இறங்கின.

"நல்லா நினைவு வெச்சிருக்கீங்க," என்றாள் ரசியா.

"கூடவே இருந்தேனே." ஷ்யாமளாவின் பக்கம் குனிந்தான். "அக்கா, நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க? சாமி காரியம். மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

அந்த ஆறுதலில் ஷ்யாமளா இன்னும் கொஞ்சம் சுருங்கினாள்.

"பூஜைக்கு நீங்க வரலையா, முகிலன்?"

ஆபீஸில் ரிலீஸ் வேலை, வர முடியவில்லை என்றான். சாயங்காலம் அக்காவுக்கு போன் பண்ணி எல்லாம் கேட்டுக்கொண்டானாம்.

"பொட்டைப் பத்தியும் கேட்டீங்களா?"

"அக்காவே சொன்னாங்க. சோத்தாங்கைப் பக்கம் மட்டும்தான் வெச்சேன், ஏணி ஆடிச்சு, மத்தப் பக்கம் ஏறலன்னு."

"ஆமா," என்றாள் ஷ்யாமளா. "அப்படித்தான் சொன்னேன்."

ரசியா அவளைக் கைபிடித்து எழுப்பினாள்.

"அக்கா, இதான் பிளேன். பூஜையப்ப நின்ன இடத்துல போய் நில்லுங்க."

ஷ்யாமளா நடந்தாள். சாக்பீஸ் மூக்கின் முன்னால் போய், விமானத்தைப் பார்த்து நின்றாள். சாமிக்கு முன்னால் நிற்பதுபோல!

"இப்ப சோத்தாங்கையைக் காட்டுங்க."

ஷ்யாமளாவின் வலது கை உயர்ந்தது.

அது காட்டியது... இடது இறக்கையை!

முகிலன் அந்த இறக்கையையே பார்த்தான்.

"பிளேன்காரங்களுக்கு ரைட்னா பைலட் உட்கார்ற ரைட்," என்றாள் ரசியா. "அக்காவுக்கு ரைட்னா சோறு சாப்பிடற கை. அவங்க பொட்டு வெச்சது இடது மூடியில. பூஜை வீடியோவிலயும் அதான் இருக்கு."

ஈரத்துணியால் இடது மூடியை ஒரு தேய் தேய்த்தாள். துணி மஞ்சளானது. லேசாகச் சந்தன வாசம்.

"இது கோயில் சந்தனம். காய்ஞ்சதும் உதிர்ந்து ஓட்டை திறந்துடுச்சு. அதான் இந்த டேங்க் கடைசிச் சொட்டு வரைக்கும் இறங்கியிருக்கு."

வேறொரு ஈரத்துணியும் வலது மூடியும் எடுத்தாள். அதிலும் பொட்டு! தேய்த்தாள். இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

துணி வெள்ளையாகவே இருந்தது.

"சந்தனப் பொடி கலந்த எபாக்சி பசை, காய்ஞ்சா கல்லு மாதிரி. இறக்கை ஒட்ட நீங்க ரெண்டு பேரும் வாங்கினதுதான். பூஜைக்கு அப்புறம் யாரோ இங்க ஏணி போட்டிருக்காங்க."

"யார் வேணா வந்திருக்கலாம்."

"வரலாம். ஆனா பூஜைக்கு வந்தவங்க இடது பக்கம் வெச்சதைக் கண்ணால பார்த்தவங்க; சோத்தாங்கைப் பக்கம்னு காதால மட்டும் கேட்டவங்கதான் வலது பக்கம் ஏறுவாங்க. அக்கா, போன்ல வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

ஷ்யாமளா இல்லையென்று தலையசைத்தாள். கண் முகிலனை விட்டு நகரவில்லை.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம், முகிலன். வலது மூடியில பொட்டே இல்லாதப்ப, கொஞ்சமாவது யோசிச்சிருக்க வேணாமா?"

"உதிர்ந்து போயிருக்கும்னு..."

நிறுத்தினான். ஆனால் சொன்னது சொன்னதுதான்!

கூரை டக்கென்றது. டெபுடி காபியைக் கீழே வைத்தார்.

"வேலைக்குச் சேர நீ காட்டின எட்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் எல்லாம் பொய்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு." ஷ்யாமளா சத்தம் போடவில்லை. "திங்கக்கிழமை எச்.ஆர்.கிட்ட சொல்லிடுவேன்னாரு. அதுக்குள்ள நீயே ரிசைன் பண்ணிட்டு கௌரவமா போகட்டும்னு ரெண்டு நாள் விட்டாரு. அந்த ரெண்டு நாள்ல இதைப் பண்ணியிருக்க."

"வேலை போனா விசா போயிடும்க்கா... வீடு, குழந்தை ஸ்கூல் எல்லாம்..."

"பழியை என் விரல்ல வெச்சியேடா."

தன் வலது கை மோதிர விரலைப் பார்த்துக்கொண்டாள். மூன்று நாளில் எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாளோ, தோல் உரிந்திருந்தது. அந்த விரலை முந்தானையில் மெல்லத் துடைத்துக்கொண்டாள். பிறகு அழுதாள். மூன்று நாளில் அவள் புருஷனுக்காக மட்டும் அழுத முதல் அழுகை.

ரசியா கண்ணைக் காட்ட, டெபுடி விலங்கை எடுத்தார். முகிலனுக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

"ரைட் ஹேண்ட்."

எந்தக் கை என்று முகிலன் ஒரு கணம் தடுமாறினான்.

ரசியா சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டினாள்.

"யோசிக்காதீங்க முகிலன்... நீங்க சோறு சாப்பிடற ரைட்தான்!"