சேவுகனின் மடி

"பொணத்தோட வேட்டி மடியை அவுத்துப் பாருங்க சார்!"

கிணற்றடிக் கூட்டம் அதிர்ந்தது.

சொன்ன கலைமதி அசையவில்லை. அவள் குடும்பத்தில் முதல் இன்ஜினியர். 'போலீஸை எதையும் சோதிக்கச் சொல்லாதே!' என்று பம்புசெட் கம்பெனி முதலாளி ராம்நாத் காலையில் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

கேட்டே விட்டாள்!

வல்லத்திராக்கோட்டை வயல். மோட்டாரைப் பார்க்கக் கிணற்றில் இறங்கிய விவசாயி சேவுகன் ஷாக் அடித்து... பிணமாக!

"என்ன பேச்சும்மா இது?" இன்ஸ்பெக்டர் வெற்றிச்செல்வன் முறைத்தார். "மூணு பீஸ் கட்டையும் போர்டுலதான் இருக்கு. புடுங்காம எறங்கிட்டாரு. கேஸ் முடிஞ்சுது."

"கரெக்ட் சார்!" ராம்நாத் முந்தினார். "மோட்டாரை ஓட்டுற எங்க ஏ.ஐ. பெட்டி மேல தப்பே இல்ல. மோட்டார்ல கோளாறுன்னதும் என் போனுக்கு அலாரம் அடிச்சுது. மொத ஆளா வந்ததே நான்தான். டெக்னாலஜி சார்!"

கலைமதி, சேவுகனின் மனைவி பக்கம் திரும்பினாள்.

"பிச்சையம்மாக்கா... அண்ணன் பீஸ் கட்டையைப் புடுங்கினா எங்க வைப்பாரு?"

"மடியிலதான் ஆத்தா... யாராச்சும் தெரியாம மாட்டிருவாகன்னு முடிஞ்சுக்கிட்டுத்தான் எறங்குவாரு..."

ஏட்டு மடியை அவிழ்த்தார்.

டக்... டக்... டக்!

கருகிய, பழைய பீஸ் கட்டைகள். மூன்று!

"ஒரு மோட்டாருக்கு ஆறு கட்டையா?" இன்ஸ்பெக்டரின் கண்கள் சுருங்கின. "போர்டுல இருக்கறது புத்தம் புதுசு... மொத ஆளா வந்தது நீங்கதானே சார்?"

ஏட்டின் கை ராம்நாத்தின் முழங்கையைப் பிடித்தது. ஏ.சி. அறையில் பம்புசெட் விற்றவர். பிடுங்கிய கட்டை எங்கே போகும் என்பது தெரியாமல் புதுசை மாட்டிவிட்ட ஆள்!

"கட்டையே இல்லாம ஷாக் எப்படிம்மா?" இன்ஸ்பெக்டர் கலைமதியைக் கேட்டார்.

"புதுப் பெட்டி சார். கரண்ட் போனா தானா சோலாருக்கு மாறிடும். கட்டையைப் புடுங்கினாலும் கரண்ட் போயிருச்சுன்னு நெனச்சு மோட்டாரை சோலார்ல ஓட்டும்! சோலாரையும் நிறுத்த ஒரு சுவிட்ச் வைங்கன்னு மீட்டிங்ல கத்தினேன்..."

"போட்டிக்கு நிக்கிற கோயம்புத்தூர்க்காரன் தைக்குள்ள இதே மாதிரி பெட்டியை எறக்கிடுவான்!" ராம்நாத் வெடித்தார். "மார்க்கெட் நமக்காக நிக்குமா? வேகம்தான் ஸ்ட்ராடஜி! சுவிட்ச் அடுத்த மாடல்ல வரும்னு சொன்னேனா இல்லியா?"

"சேவுகண்ணன் அடுத்த மாடல்ல வருவாரா?"

கலைமதி இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"மாவட்டம் பூரா ஆயிரம் வயல்ல இதே பெட்டிதான் சார். கட்டையைப் புடுங்கியாச்சுன்னு நம்பி எறங்குறவுக எத்தனை பேரோ..."

ஏட்டின் பிடியில் இருந்தபடியே ராம்நாத் அவள் காதருகே குனிந்தார்.

"ஒன்னை டெக்னிகல் ஹெட் ஆக்கறேன். ஒரு மாசம் பொறு. இப்ப பெட்டியை நிறுத்தினா இன்வெஸ்டர் ஓடிடுவான். கம்பெனியே இருக்காது!"

கலைமதி கழுத்திலிருந்த ஐ.டி. கார்டைக் கழற்றினாள். அவர் சட்டைப் பையில் செருகினாள். விறுவிறுவென்று வரப்பில் நடந்தாள்.

"நில்லு! என் பெட்டியில கையை வச்சே..."

"வச்சாச்சு சார்! காலையில ஒங்க போன் வந்ததுமே ஆயிரம் பெட்டியிலயும் சர்வர் வழியா சோலாரை ஆஃப் பண்ணிட்டுத்தான் வந்தேன். சர்வர் பாஸ்வேர்டையும் மாத்தியாச்சு!"

"அதை எங்கடி வச்சிருக்க?"

திரும்பாமலே இடுப்பைத் தட்டிக் காட்டினாள்.

"மடியில!"