மூடிய கேபினுக்குள் ஈரம்

தீயணைப்பு வண்டியின் முன்கண்ணாடி உட்புறமாக வியர்த்திருந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மேசை விளக்கை இழுத்து, ஒன்றரைச் சாண் நீளமிருந்த அந்த மாதிரி வண்டியின் மேல் குனிந்தார். ஏழு மாத உழைப்பு அது. பாகங்களை ஒட்டிச் செய்யும் கிட் ஒன்று வாங்கியிருந்தார், அதில் இருந்ததோ புதுக்காலத்து வண்டி. அதிலிருந்து அடிச்சட்டமும் சக்கரங்களும் மட்டும்தான் உதவின. மற்றதெல்லாம் சொந்தக் கைவேலை. அக்கா கொடுத்த பழைய புகைப்படத்தைப் பார்த்துப் பார்த்து, உருண்டை மூக்கு வைத்த கேபினை பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டினார். மர ஏணிக்குத் தீக்குச்சிகளைச் சீவினார். கடையில் மிஞ்சிய லென்ஸ் துண்டைத் தேய்த்து முன்கண்ணாடியாகப் பொருத்தினார். கதவு திறக்காது, ஊசியால் கீறிய கோடுதான் கதவு. ஓட்டுநர் பொம்மையும் கிடையாது. "அவரைச் செய்யாத. வண்டி மட்டும் போதும்" என்று அக்கா சொல்லிவிட்டாள். அவள் கணவர் இருபது வருஷம் ஓட்டிய வண்டி அது.

சூப்பர் க்ளூவின் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும் என்பது அவருக்குத் தெரியாததில்லை. ஆனால் அது படிந்தால் படிந்ததுதான், போகாது. இது போயிற்று. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களிலிருந்து சுருங்கி, ஒரு புள்ளியாகி, மறைந்தது. பிறகு அந்தப் புள்ளியிலிருந்தே மறுபடி படர்ந்தது. சுருங்கியது. படர்ந்தது. தன்னையறியாமல் தானும் அதே கணக்கில் மூச்சு விடுவதை உணர்ந்து சட்டென்று நிமிர்ந்தார்.

கூடத்தில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என் மேசைப் பக்கம் வந்தியா?"

"எனக்கென்ன வேலை அங்க?"

"யாரோ வண்டியத் தொட்டிருக்காங்க."

"இந்த வீட்டுல இருக்கறது நீயும் நானும்தான். அப்ப யாருங்கற?" தலையணை உறையை நான்காக மடித்து நீவிவிட்டாள். "மனசுல ஏதாவது இருந்தா நேராச் சொல்லு."

அந்தக் கடைசி வார்த்தை முள்ளாகத் தைத்தது. இரண்டு வருடமாக அவள் இப்படித்தான் பேசுகிறாள். சாதாரணப் பேச்சுதான், ஆனால் அடியில் ஏதோ கிடக்கும்.

அவளுக்குத் தெரிந்துவிட்டதா?

அத்தான் தன் புகை முகமூடியைக் கொண்டுவந்து கொடுத்தபோது அதன் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. ஆபீஸில் எழுதிக் கேட்டால் மாசக்கணக்காகும், உன் கையால் மாத்திக் கொடு என்றார். "ரெண்டே நாள், அத்தான்" என்று வாங்கி வைத்தவர் இன்றைக்கு நாளைக்கு என்று ஒன்பது நாள் தள்ளினார். பத்தாம் நாள் பஞ்சுக் கிடங்கு பற்றிக்கொண்டது. உள்ளே யாரோ சிக்கியிருக்கிறார்கள் என்று கேட்டதும் அத்தான் வெறும் முகத்தோடு ஓடினாராம். திரும்பி வரவில்லை. "முகமூடியக் குடுத்தியாடா?" என்று அக்கா ஒரே ஒருமுறை கேட்டாள். சொன்னபடி இரண்டே நாளில் கொடுத்துவிட்டதாக இவர் பொய் சொன்னார். பிறகு அதை ஆற்றில் எறிந்தார்.

ஆக, இது அவள் வேலைதான். ஈரப்பஞ்சை எப்படியோ கேபினுக்குள் செருகியிருக்கிறாள். பயமுறுத்தி வாயைப் பிடுங்கப் பார்க்கிறாள். ஏழு மாதம் முன்பு இந்த வண்டியைச் செய்யச் சொன்னதே அதற்காகத்தானோ?

அவர் அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் கடைக்கு விடுமுறை. மத்தியானம் அக்கா தலைவலி என்று தன் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டாள். வெளியே மழை விடாமல் பெய்தது. கூடத்தில் நாற்காலி போட்டுச் செய்தித்தாளை விரித்தவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. எரிகிற வாசனை இல்லை. எரிந்து, தண்ணீர் ஊற்றி அணைத்த கட்டையும் சாக்கும் ஊறிக் கிடக்கும் வாசனை. பூட்டிய கதவின் அடியிலிருந்து, தரையோடு தரையாக.

உள்ளே, டக்.

கண்ணாடியை விரல்முட்டி தட்டுவதுபோல. மெல்ல.

டக்.

சாவி துவாரத்தில் நுழையாமல் இரண்டு முறை வழுக்கியது.

மேசையில் வண்டி வைத்த இடத்திலேயே இருந்தது. முன்கண்ணாடி பளிச்சென்று தெளிவாக இருந்தது. ஓட்டுநர் பக்கத்தில், அவர் ஊசியால் கீறியிருந்த கோடு பிளந்து, கதவாகத் திறந்து தொங்கியது. கத்தியால் வெட்டியதல்ல. விளிம்பெல்லாம் உருகியிருந்தது. உள்ளே இருக்கையில் ஒரு பள்ளம். யாரோ வெகுநேரம் உட்கார்ந்து எழுந்த பள்ளம்.

கேபினுக்குக் கீழே, மேசைப்பலகையில், எள்ளளவு கறுப்புப் புள்ளிகள். இரண்டு இரண்டாக.

தொட்டார். ஈரக்கரி.

மேசை விளிம்பை எட்டும்போது அவை நகமளவு ஆகியிருந்தன. நாற்காலியின் மேல், கைக்குழந்தையின் பாதமளவு. தரையில் இறங்கியதும் பூட்ஸின் அடித்தடம் தெளிவாகத் தெரிந்தது. குதிகாலில் தண்ணீர் தேங்கியிருந்தது. அவருடைய காலை உரசினாற்போல் கடந்து, கதவு வழியாகக் கூடத்துக்குப் போயிருந்தது.

அவர் உள்ளே வரும்போது அந்தத் தடங்கள் இல்லை.

கூடம். முழு ஆளின் தடங்கள். கனமாக. அக்காவின் அறைவரை.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே அக்கா பேசிக்கொண்டிருந்தாள். தாழ்ந்த குரலில், நடுநடுவே நிறுத்தி, யாரோ சொல்வதைக் கேட்டு 'ம்' கொட்டி. போனில் பேசுகிறாள், வேறென்ன.

அவள் போன் கூடத்து அலமாரியில் சார்ஜில் கிடந்தது.

"அக்கா..." அவர் மெல்லக் கூப்பிட்டார்.

உள்ளே பேச்சு நின்றது.

"தம்பியா? வந்துட்டியா?" இரண்டு வருடமாக அவர் கேட்டிராத சந்தோஷம் அந்தக் குரலில். "உள்ள வாடா. அத்தானுக்கு உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணுமாம்."

அவர் பின்வாங்கப் பார்த்தார்.

கதவின் பச்சைப் பெயின்ட் கொப்புளித்தது. ஒன்று. இன்னொன்று. பிறகு பலகை முழுக்க. கொப்புளங்கள் வெடித்து உரிய உரிய, நடுவே, ஆள் உயரத்தில், அகல விரித்த ஐந்து விரல்களின் வடிவம் உட்புறத்திலிருந்து கரிந்து வந்துகொண்டிருந்தது.