தேரி மணலுக்கு ஏற்ற டயர்

"அண்ணே, நிறுத்து! வண்டி இறங்குது!"

சந்தனமாரி கத்தி முடிப்பதற்குள் பின்சக்கரங்கள் பாதி புதைந்துவிட்டன. அவள் அண்ணன் இசக்கித்துரை விடவில்லை. விசையை இன்னும் முறுக்கினான். ஆழமான பற்கள் வைத்த டயர்கள் மணலை வாரி வாரிப் பின்னால் இறைத்தன. அவ்வளவுதான்! பைக்போல் ஹேண்டில் பிடித்து ஓட்டும் அந்த நாலுசக்கர வண்டி வயிறு தட்டி மணலில் உட்கார்ந்துகொண்டது.

தேரிக்காட்டுக்குள் அவர்கள் நூறு அடிகூட வந்திருக்கவில்லை. முன்னே கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சிவப்பு மணல்மேடுகள். அவற்றுக்கு நடுவே எங்கோ, கூட வந்திருந்த அவன் மனைவி ஆவுடையின் பெட்டி கிடந்தது.

அவளும் கல்லூரித் தோழிகள் மூவரும் இரண்டு வருடம் பாடுபட்டுச் செய்த பெட்டி. நேற்றுக் காலை திருநெல்வேலியில் பலூனில் கட்டி வானுக்கு அனுப்பினார்கள். முப்பது கிலோமீட்டர் உயரம் போய், குளிரையும் காற்றழுத்தத்தையும் குறித்துக்கொண்டு, படமும் எடுத்துக்கொண்டு பாராசூட்டில் இறங்கியது. இறங்க அதற்குத் தேரிதானா கிடைத்தது! அவள் கையிலிருந்த கருவியில் பெட்டியின் குரல் 'பீப், பீப்' என்று கேட்டது. மாலை நாலு மணிக்கு அதன் பேட்டரி தீர்ந்துவிடும். பிறகு ஆடிக் காற்று மணலை அள்ளி மூடிவிட்டால் அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இப்போது மணி பன்னிரண்டு.

இசக்கித்துரை அம்பாசமுத்திரத்தில் டிராக்டர் மெக்கானிக். ஆவுடையைக் கட்டி நாலு மாதம் ஆகிறது. கடற்கரைச் சவாரிக்காரர் ஒருவர் கழித்துப்போட்ட இந்த வண்டியைத் தன் பட்டறையில் சரிசெய்து வைத்திருந்தான். பெட்டி விழுந்த இடம் தெரிந்ததுமே, "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று கிளம்பிவிட்டான். காலையில் வழியில் உடன்குடிச் சாலைப் பழைய டயர்க் கடையில், இருந்ததிலேயே ஆழமான பல் வைத்த டயராகப் பார்த்து மாட்டினான். வயல் சேற்றில் பழகிய கை. பல் இருந்தால்தான் அவனுக்கு அது டயர்.

ஆவுடைக்கு அப்போதே உறுத்தியது. ஆனால் அவன் டயரைத் தட்டி, "உனக்குன்னு பாத்து எடுத்தேன்" என்று சிரித்தபோது அவளுக்குச் சொல்ல மனம் வரவில்லை.

இப்போது அவன் கையால் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தான். "இன்னும் ஆழமாப் பல்லு வச்சதா எடுத்திருக்கணும்."

"இல்ல அத்தான்," என்றாள் ஆவுடை மெதுவாக.

அண்ணனும் தங்கையும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மணலில் முட்டிபோட்டு, முஷ்டியை ஊன்றி அழுத்தினாள். மணிக்கட்டுவரை இறங்கியது. பிறகு உள்ளங்கையை விரித்து அதே பலத்துடன் அழுத்தினாள். ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

"சேத்துக்கு அடியில கெட்டித் தரை இருக்கும். பல்லு அதப் போய்ப் பிடிச்சுக்கிடும். இங்க அடியிலயும் மணல்தான். பல்லு தோண்டிட்டே போகும். அகலமான டயர் வேணும், மேல லேசா வரி இருந்தாப் போதும். காத்தும் கம்மியா வைக்கணும்."

"மதினி, இது உங்களுக்குக் காலையிலயே தெரியுமா?" என்றாள் சந்தனமாரி.

"தெரியும்."

இசக்கித்துரை கையைத் தட்டிவிட்டு எழுந்தான். "ஏன் சொல்லல?"

"ஆசையா எடுத்தீங்க..."

அவன் கையை இடுப்பில் வைத்துக்கொண்டான். "ஏட்டி, ஞாயித்துக்கிழமை நான் வைக்கிற குழம்பையும் இப்படித்தான் தின்னியா?"

"உப்பு கொஞ்சம் கூடத்தான்."

சந்தனமாரி மணலில் விழுந்து சிரித்தாள். இசக்கித்துரையும் சிரித்துவிட்டான். பலகை கொடுத்து வண்டியைத் தள்ளி வெளியே எடுத்தார்கள். காலையில் அதை ஏற்றிவந்து சாலையோரம் நிறுத்தியிருந்த லோடு ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குப் பறந்தார்கள்!

"'மணலுக்கா'ன்னு காலையிலயே கேட்டேன்லா? என்னைப் பேச விட்டாரா உங்க வீட்டுக்காரர்!" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

பளபளவென்று மின்னிய பெரிய ரிம் ஒன்றின்மேல் இசக்கித்துரையின் கை போனது. பாதியில் நின்றது. "நீ சொல்லு ஆவுடை."

"ரிம் சின்னதா இருக்கணும். அப்பத்தான் டயருக்குப் பக்கச் சதை கூடுதலா இருக்கும். தரையில நல்லாப் பரவும்."

அவள் காட்டியதை அவன் தூக்கிவந்து வண்டியில் வைத்துப் பார்த்தான். நாலு போல்ட்டும் பொருந்தின. ஆனால் ஹேண்டிலை ஒடித்துத் திருப்பியதும் முகத்தைச் சுளித்தான். "உள்பக்கம் கம்பியில உரசுது பாரு. சக்கரம் வெளிய தள்ளி நிக்கிற மாதிரி ரிம் எடுங்க அண்ணாச்சி." இது ஆவுடைக்குத் தோன்றவே இல்லை!

தேரி ஓரத்தில் டயர்களைப் பக்கவாட்டில் தொப்பை தள்ளும்வரை காற்று இறக்கினார்கள். பனைமரத்தில் மஞ்சள் துப்பட்டாவைக் கட்டிவிட்டுச் சந்தனமாரி அங்கேயே நின்றாள். "திரும்பி வர இதுதான் அடையாளம். பத்திரம் மதினி!"

வண்டி கிளம்பியது. புதையவில்லை! முதல் மேடு, இரண்டாவது மேடு. மணல்மேல் மிதப்பதுபோல் ஏறி இறங்கியது. ஓசை பெரிதாகும் திசையை ஆவுடை காதருகில் சொல்லச் சொல்ல, அவன் ஓட்டினான். மூன்றரை மணிக்கு ஓர் உச்சியில் ஏறினார்கள்.

"அதோ பாராசூட்டு!" இடப்பக்கம் பள்ளத்தில், முள் நிறைந்த மூன்று உடைமரங்களைத் தாண்டி, ஆரஞ்சு நிறத்தில் ஏதோ படபடத்தது. இசக்கித்துரை அவசரமாக ஹேண்டிலை ஒடித்தான்.

"திருப்பாதீங்க!"

ஆவுடை அப்படிக் கத்தி அவன் கேட்டதே இல்லை. அப்படியே நிறுத்தினான். வலது முன் டயர் ரிம்மை விட்டு நழுவி 'உஸ்ஸ்' என்று சீறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு சாண் திரும்பியிருந்தால் வண்டி உருண்டிருக்கும்.

"காத்து கம்மியா இருக்கப்போ ஒடிச்சா கழண்டுரும். நேரா ஏறி, நேராத்தான் இறங்கணும்," என்றாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இதயும் முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா?" என்றான் மெல்ல.

"இதை நெசமாவே மறந்துட்டேன்."

வண்டியை முட்டுக்கொடுத்துத் தூக்கி, கால் பம்பால் காற்றடித்து, டயர் 'டப்'பென்று உட்காரும்வரை அவன் ஓயவில்லை. அதற்குள் பீப் ஓசை நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தையும் காணவில்லை. காற்று மணலைக் கொட்டி மூடிவிட்டது!

"நேரா இறங்கிட்டு, கீழ போய் மெதுவா இடப்பக்கம் திருப்புங்க. மூணாவது உடைமரத்துக்கு அங்கிட்டு பத்தடி," என்றாள் ஆவுடை. இப்போது அவள் குரலில் தயக்கமே இல்லை. அவன் மறுபேச்சுப் பேசாமல் இறக்கினான்.

இருவரும் கைகளால் தோண்டினார்கள். முதலில் கயிறு. பிறகு கிழிந்த துணி. பிறகு வெள்ளைப் பெட்டி! ஒரு மூலை நசுங்கியிருந்தது. உள்ளே கேமரா முழுசாக இருந்தது.

மஞ்சள் துப்பட்டாவைப் பார்த்து அவர்கள் வந்து சேர்ந்தபோது சந்தனமாரி விசிலடித்து ஊரைக் கூட்டினாள். கூட்ட அங்கே ஊர் இல்லை, இரண்டு மயில்கள்தான் ஓடின.

லோடு ஆட்டோவில் மூவரும் நெருக்கி உட்கார்ந்து முதல் படத்தைப் பார்த்தார்கள். மேலே கறுப்பு வானம். பூமியின் விளிம்பு லேசாக வளைந்திருந்தது. கீழே நீலக் கடல், கரையை ஒட்டி ஒரு சிவப்புத் திட்டு.

தெரிந்ததைச் சொல்வதும் அன்புதான் என்று ஆவுடைக்கு அன்று புரிந்திருந்தது. இசக்கித்துரை வண்டியைக் கிளப்பாமல் கேட்டான். "இதுல நம்ம ஊரு எங்கட்டி இருக்கு? எல்லாத்தையும் சொல்லு. எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் சொல்லத் தொடங்கினாள். அம்பாசமுத்திரம் போய்ச் சேரும்வரை நிறுத்தவே இல்லை.