கயிற்றால் கட்டிய என்லார்ஜர்

நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் இரண்டு என்லார்ஜர்களில் பெரியதன் தலையைக் கீழே இறக்கி, கம்பத்தோடு சேர்த்து நைலான் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தார்கள். இயந்திரத்தை எதற்கு மாட்டைக் கட்டுவதுபோல் கட்ட வேண்டும்? வாங்க வந்தவளுக்கு அது பிடிக்கவில்லை.

"சின்னதையே எடுத்துக்கம்மா. ஒழுங்கா வேலை செய்யும்," என்றாள் வீட்டுக்காரி. ஜன்னலுக்குக் கறுப்புத்தாள் ஒட்டிய இந்தக் குளியலறையில்தான் அவள் கணவர் பிரிண்ட் போடுவாராம். அவர் இறந்தபின் எல்லாவற்றையும் விற்கிறாள்.

"ரெண்டுலயும் என் நெகட்டிவப் போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்க்கா."

"பாரு. கயித்த மட்டும் அவுக்காத. அவர் கட்டினது. ஏன்னு கேக்காத, எனக்கும் தெரியாது."

தாளும் கரைத்த மருந்தும் வைத்துவிட்டு வீட்டுக்காரி கதவைச் சாத்தினாள். சிவப்பு விளக்கு, ஹைப்போ மருந்தின் புளித்த வாடை, எங்கோ சொட்டும் குழாய். அவள் கொண்டுவந்தது ஒரே ஒரு நெகட்டிவ். கடற்கரையில் மகள், கடலைப் பார்த்தபடி, முதுகைக் காட்டி நிற்கிறாள். அந்தப் படத்தை எடுத்துவிட்டு, குனிந்து ஃபிலிமைச் சுற்றி நிமிர்ந்தபோது பிள்ளை இல்லை, கடல் மட்டும் இருந்தது. படத்தில் ஒரு பக்கக் கன்னம் துளி தெரிகிறது. அதையாவது பெரிதாக்கிப் பார்த்துவிட வேண்டும்.

சின்ன என்லார்ஜரின் தலையை உச்சிவரை ஏற்றியும் பிள்ளை கட்டைவிரல் அளவுதான் இருந்தாள். பெற்ற மனசு கேட்குமா? பெரியதன் முடிச்சுகளை நகத்தால் நெம்பி அவிழ்த்தாள். கைப்பிடியைத் தொடுவதற்குள் தலை தானாகவே வழுக்கிக்கொண்டு மேலே போனது. சுவருக்கு அப்பால் வீட்டுக்காரி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோயிருந்தது.

நெகட்டிவைச் செருகி என்லார்ஜரின் விளக்கைப் போட்டாள். பலகையில் வெள்ளை முடி, கறுப்புக் கன்னம். நெகட்டிவில் எல்லாம் அப்படித்தான். ஆனால் கன்னம் முன்னைவிட அகலமாகத் தெரிந்தது. பெரிதாக்கினால் அப்படித்தான் இருக்கும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு, தாளில் வெளிச்சம் காட்டி, படத்தைத் துலங்க வைக்கும் டெவலப்பர் டிரேயில் நழுவவிட்டு மெல்ல ஆட்டினாள்.

முதலில் கடல் வந்தது. பிறகு முடி. பிறகு ஒரு கண்.

இன்னொரு கண்.

பிள்ளை திரும்பியிருந்தாள். பயப்பட வேண்டும் என்றே தோன்றவில்லை. சந்தோஷத்தில் டிரேமேல் குனிந்தாள்.

"கண்ணு..."

தாளில் அந்தக் கண்கள் மேலே உயர்ந்தன. அவளைப் பார்த்தன. அழுவதற்கு முன் கோணுமே, அப்படி உதடு கோணியது. ஒரு அடி பின்னால் வைத்தாள் பிள்ளை.

"அங்க போகாதடி. அம்மாதான். வா."

இன்னொரு அடி. முழங்காலில் தண்ணீர்.

அம்மா இன்னும் குனிந்தாள். இன்னும் பக்கத்தில் போனாள். பிள்ளையின் வாய் திறந்தது. சத்தமில்லை. இடுப்பளவு.

தன்னைப் பார்த்துத்தான் பயப்படுகிறாள் என்று புரிந்தது. தான் கண்ணை மூடிக்கொண்டால் பிள்ளை நிற்பாளோ என்னவோ. மூட முடியவில்லை.

கழுத்து.

முடி.

கடல்.

டிரேயின் அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழ்கள், ஒன்றன்பின் ஒன்றாக, அவள் முகத்துக்கு நேர் கீழே வந்து உடைந்துகொண்டிருந்தன.